பெண்கள் பக்கத்து வோட்டு

கொழும்பில் "ஆம்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து கச்சிமுகம்மது ஹாஜியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாய்மனைக் கதிரையில் சாய்வார், எழும்புவார், வாசல்வரை போய் மழையைப் பார்ப்பார். தேத்தண்ணி கேட்பார்; வந்ததும் வேண்டாமென்பார். வானொலியைத் திருகுவார், செய்தி தொடங்குவதற்குள் நிறுத்திவிடுவார். இருபத்திரண்டு வருஷம் பாராளுமன்றத்தில் இருந்த மனிதர், பரீட்சைக்குப் போகும் பையனைப்போல் திரிந்தார்.

அந்த "ஆம்" என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்தேழில் தெரிவான சபைக்குத் தவணை முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. தேர்தல் வைக்காமலே இன்னும் ஆறு வருஷம் இருந்துவிடலாம் என்று எண்பத்திரண்டு கடைசியில் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. ஹாஜியார் ஆம் என்றார். ஆனால் ஜனங்களிடமும் ஒருமுறை கேட்டாக வேண்டும் என்று மார்கழி மாதம் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்குக்குப் புள்ளடி போட்டால் இருக்கிறவர்கள் இருக்கட்டும் என்று அர்த்தம். குடத்துக்குப் போட்டால், வேண்டாம், தேர்தலை வையுங்கள் என்று அர்த்தம். குடம் வென்ற தொகுதியின் உறுப்பினர் பதவியை விட்டு இறங்கி இடைத்தேர்தலில் நிற்க வேண்டிவரும் என்று கொழும்பில் காதோடு காதாகக் கதை. அந்தக் கதைதான் ஹாஜியாரை இருக்க விடவில்லை.

ஆம் சொல்வது அவருக்குப் புதிதல்ல. அறுபதில் நீலக் கட்சி அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆம் என்றார். அறுபத்தைந்தில் பச்சைக் கட்சி வந்தது. அந்தப் பக்கம் போயிருந்து அதற்கும் ஆம் என்றார். எழுபதில் திரும்பவும் நீலம். புது அரசியலமைப்புக்கு ஆம். அதைச் சாட்டி அந்த ஐந்து வருஷச் சபை ஏழு வருஷமாக நீண்டதற்கும் ஆம். எழுபத்தேழில் மறுபடி பச்சை. அவருடைய வாயிலிருந்து "இல்லை" வந்ததைச் சபையின் தூண்கள்கூடக் கேட்டதில்லை. யாராவது குத்தலாகக் கேட்டால், "எதிர்க்கட்சிக்காரன்ர ஊருக்குப் பாலம் வருமா?" என்பார். அதுவும் பொய்யில்லை. ஊருக்குப் பாலம் வந்தது, கரண்டு வந்தது, தபால் கந்தோர் வந்தது.

ஆனால் ஹாஜியார் வென்ற விதம் வேறு கதை. அவர் பிறந்தது மருதமுனையில். கலியாணம் முடித்தது கல்முனைக்குத் தெற்கே கடலோரத்து ஊரொன்றில். அந்தக் கரையில் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான், வீடும் பெண்ணுடையது. பெண்வீடு இருந்த அந்த ஊரை நம்பித்தான் அறுபது மார்ச்சில் முதன்முதலாக நின்றார். ஆண்கள் எல்லாரும் தோளில் தட்டி உறுதி சொன்னார்கள். பெண்கள் சாவடிப் பெட்டியைத் திறந்தால் அவருக்கு ஒரு வாக்கும் இல்லை. தோற்றுப்போனார். வேட்பாளர் எவ்வளவு பெரிய ஆளானாலும் பெண்கள் பக்கத்துக்குள் கால் வைக்க முடியாதே! அதே வருஷம் ஜூலையில் மறுபடி தேர்தல் வந்தபோது அவருடைய மனைவி றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். பாயில் குந்தி வெற்றிலை போட்டு, அந்தந்த வீட்டுக்காரியின் கையில் தன் கையை வைத்துக் கேட்டாள். ஹாஜியார் வென்றார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் றாஹிலாதான் போனாள்.

ஆண்கள் பக்கத்தில் அவர் எம்.பி. ஹாஜியார். பெண்கள் பக்கத்தில் அவர் "றாஹிலாட மாப்புள", அவ்வளவுதான். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அவரைத் தவிர.

"ஜீப்ப நாளைக்கு உனக்கு விடுறன். தெற்குப் பக்கத்தால தொடங்கு" என்றார் ஒரு நாள் காலையில். றாஹிலா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகல்ல."

"மழைக்கா?"

"மழைக்கில்ல." அவள் சுளகைக் கீழே வைத்தாள். "எழுபத்தேழில என்ன சொல்லிக் கேட்டன்? ஆஸ்பத்திரியில பிள்ளைப்பேத்து வாட்டு ஒண்டு கட்டித் தாறம் எண்டன். அடுத்த முறை நான் வோட்டுக் கேட்டு வாறத்துக்குள்ள அது முடியாட்டி என்ர முகத்துக்கு நேர கதவச் சாத்துங்க எண்டன். இப்ப அங்க என்ன இரிக்கி? இடுப்பளவு சுவரும், அதில ஏறி நிக்கிற ஆடும்."

அந்தச் சுவரைப் பற்றிப் பேச ஹாஜியாருக்குப் பிடிக்காது. போன வருஷம் சபியா உம்மாவின் மகளைப் பிள்ளை நோவோடு வாடகைக் காரில் கல்முனைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளம் றோட்டை மேவி நின்றது. அவள் பாதி வழியிலேயே மௌத்தாகிவிட்டாள். மரணவீட்டுக்குப் போய்வந்த றாஹிலா பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கதவச் சாத்தினாலும் பரவாயில்ல, வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருப்பன்" என்றாள் றாஹிலா. "ஆனா நீங்க அவங்களுக்கு அந்தக் கதவும் இல்லாமப் பண்ணிட்டு வந்திரிக்கீங்க. ஆறு வருஷத்தில கணக்குக் கேளுங்க எண்டு நான் சொன்னன். கேக்கவே வேணாம் எண்டு நீங்க சொல்லிட்டீங்க. நான் எந்த முகத்தோட போய் அந்த வாசல்ல இரிக்கிற?"

"அது கட்சிட முடிவு புள்ள. நான் ஒராள் இல்லாட்டியும் மசோதா பாஸாகித்தான் இரிக்கும்."

"அப்ப நீங்க ஒராள் இல்லையெண்டு சொல்லியிரிக்கலாந்தானே!"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பிறகு சாரதி தங்கராசாவைக் கூப்பிட்டு, மருதமுனைக்குப் போய் ராத்தாவை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

ராத்தா என்றால் அவருடைய மூத்த சகோதரி ஹவ்வா உம்மா. மருதமுனையில் கைத்தறி வைத்து ஆட்களை ஆட்டிப் படைக்கிற மனுசி. அவர் பேசினால் தறிச்சத்தம் அடங்கிவிடும். தம்பிக்கு ஒரு காரியம் என்றதும் நெய்து வைத்திருந்த சாறன்களில் ஒரு கட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வந்த கையோடு வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

"ஒண்டுக்கும் யோசிக்காத தம்பி" என்றார் மாலையில் வந்து. "எல்லா வீட்டிலயும் பாய் போட்டாங்க, வட்டா நிறைய வெத்தில வெச்சாங்க. விளக்குக்குப் போடுங்க எண்டன், எல்லாரும் ஓம் ஓம் எண்டாங்க. அவங்க வேறெதுவுமே கதைக்கல்ல."

கேட்டுக்கொண்டிருந்த றாஹிலா மதினிக்குச் சோறு போட்டாள். ஹாஜியாருக்கு வெற்றி வந்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு மட்டும் ஒழுங்காகத் தேத்தண்ணி குடித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எல்லாரும் ஸலாம் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டு அவருடைய முகத்தையே பார்த்தார்கள். வழக்கமாகக் கையைப் பிடித்தால் விடாத ஆள், தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டுப் போனான். ஒரு வயசாளி, "எல்லாம் அல்லாட நாட்டம் ஹாஜியார், மனச விடாதீங்க" என்று முதுகைத் தடவினார். யார் மௌத்தானது என்று தெரியாமல் ஹாஜியார் தலையை ஆட்டிவைத்தார்.

வீட்டுக்கு வந்தால் ஸலாஹுதீன் மரைக்கார் விறாந்தையில் காத்திருக்கிறார். அவர் றாஹிலாவின் மூத்த சகோதரர். தாய்வழியில் அவர்களுடைய குடிக்குப் பள்ளிவாசலில் பேசுகிற மரைக்கார் அவர்தான். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"மச்சான், மெய்யச் சொல்லுங்க. தலாக்கா?"

"என்ன?"

"றாஹிலா உங்கட பெட்டிய வெளிய தூக்கி வெச்சிட்டாண்டு ஊரெல்லாம் கதை."

"ஆரு சொன்ன? பெட்டி அலுமாரிக்கு மேலதான் இரிக்கி!"

"அப்ப உங்கட ராத்தா ஏன் வீடு வீடாப் போறா?" என்றார் மரைக்கார். "றாஹிலா வாசப்படி தாண்டல்ல. மாப்புளைக்கு வோட்டுக் கேட்டுப் பொஞ்சாதி வரல்ல, மருதமுனையிலயிருந்து சகோதரி வந்து நிக்கிறாவெண்டா ஊர் வேறென்னத்த நினைக்கும்? பொம்புளைகள் ராத்தாட முகத்துக்கு ஓம் எண்டு சொல்லிட்டு, அவ போனாப் பிறகு குந்திக் கதைக்கிறாங்க. இந்த வீட்டு மாப்புள இல்லாத மனிசனுக்கு இந்த ஊர்ல என்ன வேலையெண்டு கேக்கிறாங்க மச்சான்."

தேர்தல் என்றால் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த ஹாஜியார், ஊரில் ஒரு சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கத்தை மறந்துபோனார். ராத்தாவை அனுப்பி வாக்குச் சேர்க்கவில்லை, தன்னுடைய பெட்டியைத் தானே வெளியில் தூக்கி வைத்திருக்கிறார். பெண்வீடு இல்லையென்றால் இந்த ஊரில் அவருக்கு நிற்க ஓரடி மண் இல்லை. அறுபது வயதில் பெட்டியோடு ராத்தாவின் தறிக்கொட்டிலில் போய்ப் படுக்க வேண்டியதுதான். அதை நினைத்ததும் உண்மையிலேயே பயந்துபோனார்.

ஹவ்வா உம்மா பின்னேரமே சாறன் கட்டோடு மருதமுனைக்குத் திரும்பினார். ஹாஜியார் குசினிக்குள் போனார். அவர் அங்கே போவது பெருநாளில்கூட நடக்காத காரியம். பலகைக்கட்டையில் குந்திக்கொண்டு றாஹிலா மீன் ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பப் பார்த்தார், மறுபடி குந்தினார்.

"நீ போனாத்தான் சரிவரும்" என்றார் கடைசியில். "நான் பிழை விட்டுட்டன்."

எந்தப் பிழையைச் சொல்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் கையைக் கழுவினாள்.

"போறன். ஆனா ஜீப் வேணாம். நடந்துதான் போவன். அங்க என்ன கதைச்சன் எண்டு என்னட்டக் கேக்கப்படா. அவங்களுக்கு நான் என்ன சொல்லுக் குடுத்தாலும் அது உங்கட சொல்லா நிக்கோணும். ஓமா?"

"ஓம்" என்றார் ஹாஜியார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்து ஆம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாளிலிருந்து மழையில் றாஹிலாவின் கறுப்புக்குடை ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. காலையில் போனால் மதியம் லுஹருக்கு வருவாள். தொழுதுவிட்டுச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி போவாள். ஹாஜியார் தன் பங்குக்கு ஆண்களைப் பார்க்க நாவிதன்வெளி, சவளக்கடை வயல் பக்கமெல்லாம் ஜீப்பை விட்டார். ஊர்க்காரரின் காணிகள் அங்கேதான் இருந்தன. வரம்பில் நின்று தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "பாப்பம் ஹாஜியார்" என்றார்கள். பாப்பம் என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். இன்னும் நிலைகெட்டுத் திரும்பி வந்தார்.

பெண்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அவர் போகும்போது வேலிக்குள் பேச்சு நின்றுவிடும். தங்கராசாவிடம் நைசாக விசாரித்துப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும் ஹாஜியார், அம்மாதான் ஜீப்பில ஏறவே இல்லையே" என்றான் அவன். இரண்டு தரம் றாஹிலாவிடம் கேட்க வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் வேறெதையோ கேட்டு மழுப்பினார்.

ஒரு நாள் ஒழுங்கை முடக்கில் சபியா உம்மா எதிர்ப்பட்டார். ஒதுங்கிப் போய்விடலாமென்று பார்த்தார் ஹாஜியார், முடியவில்லை. கிழவி முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார்.

"நல்லா இரிங்க ஹாஜியார். இனி உங்கட உடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

மகளைப் பறிகொடுத்த தாய் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. ஏதோ சொல்ல நினைத்து, "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அரசியல் புத்தி தலைதூக்கியது. இந்த மனுசியே துஆக் கேட்கிறாள் என்றால் விளக்கு வென்றமாதிரித்தான் என்று கணக்குப் போட்டார். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வர, வீடுவரை வேகமாக நடந்தார்.

வாக்கெடுப்பு நாளன்று மழை விடவில்லை. பெண்கள் சாவடியில் குடைகள் பள்ளிக்கூட மதில் தாண்டி றோட்டுக்கு வந்துவிட்டன. மறுநாள் காலை வானொலி தொகுதி முடிவைச் சொன்னது: விளக்கு, மிகப் பெரிய வித்தியாசத்தில். ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பி அந்த இடத்திலேயே நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்தார். றோட்டில் சீனவெடி வெடித்தது. முற்றம் ஆண்களால் நிரம்பியது; பின்பக்கத்தால் வந்த பெண்கள் வீட்டுக்குள் சீலைத்திரைக்கு அந்தப் பக்கம் கூடினார்கள். யாரோ மாலை போட்டார்கள். மாலை விழுந்த கழுத்திலிருந்து பேச்சுத் தானாகவே வந்தது.

"இந்த ஊர் என்ன ஒருநாளும் கைவிட்டதில்ல! இன்னும் ஆறு வருஷம் உங்களுக்காக உழைப்பன். அதுக்குப் பிறகு எம்பத்தொம்பதில, அல்லாஹ் நாடினா, திரும்பவும் நான்தான் உங்கட..."

ஆண்கள் கை தட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு சட்டென்று நின்றது. "என்னகா இந்த மனிசன் சொல்லுறாரு?" என்று ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது. ஸலாஹுதீன் மரைக்கார் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். திரை விலகி, "இஞ்ச ஒருக்கா வாங்க" என்று றாஹிலா கூப்பிட்டாள்.

உள்ளே பெண்கள் விலகி வழிவிட்டுக் குசினிப் பக்கம் போனார்கள். றாஹிலா அறைக்குள் அவரை நிறுத்தினாள்.

"எம்பத்தொம்பதக் கதைக்கப்படா. அதில நீங்க வோட்டுக் கேக்க மாட்டீங்க எண்டு நான் சொல்லுக் குடுத்துட்டன்."

"ஆரிட்ட?"

"எல்லா வீட்டிலயும். கையில கைய வெச்சு."

ஹாஜியார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"முதல்ல சபியா உம்மாட வீட்டுக்குத்தான் போனன்" என்றாள் றாஹிலா. "நான் குடத்துக்குத்தான் போடுவன் எண்டா. சரி, போடுங்க எண்டன். போட்டா இடைத்தேர்தல் வரும். அவரு திரும்ப நிப்பாரு. நான் திரும்ப இந்த வாசலுக்கு வரோணும், நீங்க திரும்ப என்ர முகத்துக்காக இரங்கோணும். விளக்குக்குப் போட்டா இதோட சரி. இந்த ஆறு வருஷத்தில வாட்டக் கட்டி முடிப்பாரு, பிறகு ஒருநாளும் கேக்க மாட்டாரு, நானும் வர மாட்டன் எண்டன். கனநேரம் அழுதா. பிறகு கையத் தந்தா. மத்த வீடுகள்ள இவ்வளவு கதைக்க வேண்டியும் வரல்ல."

"என்ர அரசியல... இருபத்திரண்டு வருஷம்... என்ன ஒரு சொல்லுக் கேக்காம!"

"நீங்க அவங்களக் கேக்காம ஆறு வருஷம் எடுத்தீங்க. நான் உங்களக் கேக்காம ஆறு வருஷத்தோட முடிச்சிட்டன்."

"நான் இப்பவே வெளிய போய், அது றாஹிலாட சொல், என்ர சொல்லில்லையெண்டு சொல்லுவன்!"

"போய்ச் சொல்லுங்க" என்று றாஹிலா கதவடியிலிருந்து விலகி நின்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "சண்டைக்குச் சொல்லல்ல. உங்களப் பாக்கப் பாவமாத்தான் இரிக்கி. எண்டாலும் இனி ஏலாது எனக்கு."

அவர் கோபத்தோடு விறாந்தைவரை வந்துவிட்டார். முற்றத்து ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் திரும்பி வந்து நிற்பது தெரிந்தது. ஒரு வளையல் சத்தமும் இல்லை. அவளுடைய சொல் தன் சொல்லில்லை என்றால் இந்த வீட்டு மாப்பிள்ளை தானில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு கதை சில நாள் ஊரில் உலாவியபோது பட்டபாடு இன்னும் ஆறவில்லை. அதோடு இன்னொன்றும் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன எல்லாத் தேர்தலையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவருக்கென்று விழுந்த வாக்கு என்று ஒன்றைத் தனியாகக் காட்ட முடியவில்லை.

"சொல்லுங்க ஹாஜியார், எம்பத்தொம்பதில?" என்று ஒரு பொடியன் உற்சாகமாகக் கத்தினான்.

ஹாஜியார் கழுத்து மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சபையில் எத்தனையோ தரம் எழுந்து நின்றவர்; இவ்வளவு கஷ்டப்பட்டு எந்தச் சொல்லையும் சொன்னதில்லை.

"இல்ல" என்றார். "எம்பத்தொம்பதில நான் கேக்கல்ல. இதான் கடைசி."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் குரவை போட்டார்கள். முதலில் ஒரு குரல், பிறகு எல்லாரும். கலியாண வீட்டில் மாப்பிள்ளை படியேறும்போது போடுவார்களே, அதே குரவை. இத்தனை தேர்தலில் அவர் வென்றபோதெல்லாம் ஒருநாளும் அவர்கள் போடாத குரவை அது.